வாரச் சம்பளம் 4 ஷில்லிங், ஈவுத்தொகை 23 சதவீதம்: அநியாயத்தை எழுதி அம்பலப்படுத்துவது எப்படி

பெசன்ட் நகர் என்றால் நமக்கு எலியட்ஸ் பீச், சுண்டல், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான அன்னி பெசன்ட் அம்மையார் அடையாறுக்கு வந்து பிரம்மஞான சபை, ஹோம் ரூல் என்று இறங்குவதற்கு முன்னால், லண்டனின் கிழக்குப் பகுதியில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை வாசலில் காத்து நின்று, வேலை முடிந்து வெளியே வரும் சிறுமிகளிடம் சம்பளம் எவ்வளவு, எதற்கெல்லாம் பிடித்துக்கொள்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். 1888 ஜூன் மாதம் அது. ஜூன் 23-ஆம் தேதி, அரைப் பென்னி விலைக்கு விற்ற தன் வாரப் பத்திரிகையில் அதை ஒரு கட்டுரையாகப் போட்டார். ஒரு மாதம் முடிவதற்குள் பிரையன்ட் அண்ட் மே என்ற அந்தப் பெரிய கம்பெனி அபராத முறையைக் கைவிட்டது.

மாவட்டச் செய்தியாளனாகப் பல வருடம் ஓடியவன் நான். "அண்ணே, எங்க ஊர் ஆலைல அநியாயம் நடக்குது, இதை எப்படி எழுதுறது?" என்று கேட்டு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். இது போலவே அமெரிக்காவில் 1900-களின் தொடக்கத்தில் 'மக்ரேக்கர்கள்' என்று பெயர் வாங்கிய ஒரு பத்திரிகையாளர் கூட்டம் இருந்தது. சேற்றைக் கிளறும் ஆட்கள் என்று அர்த்தம். 1906-இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஒரு பேச்சில் குத்தலாகச் சொன்னது, அவர்கள் அதையே பட்டமாக எடுத்துக்கொண்டார்கள். இவர்கள் யாரிடமும் டிரோனும் கிடையாது, ஒளித்து வைக்கும் கேமராவும் கிடையாது. பென்சில், கால், நூலகம், பிடிவாதம். அந்த நான்கை வைத்து என்ன செய்தார்கள், நாம் அதில் எதைக் கற்றுக்கொள்ளலாம் என்பதை வேலை நடக்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

கோபத்தைக் கேள்வியாக மாற்றுங்கள்

கோபம் இல்லாமல் யாரும் இந்த வேலைக்கு வர மாட்டார்கள், சரி. ஆனால் 'தொழிலாளர்களைச் சுரண்டுகிறார்கள்' என்பது செய்தி கிடையாது, அது எல்லாரும் ஏற்கெனவே தலையாட்டிவிட்டு மறந்துபோன வாக்கியம். ஜூன் 15-ஆம் தேதி லண்டனில் ஃபேபியன் சங்கம் என்ற சோஷலிஸ்ட் அமைப்பின் கூட்டம் ஒன்றில், அந்தத் தீப்பெட்டிக் கம்பெனி பங்குதாரர்களுக்கு 20 சதவீதத்துக்கு மேல் ஈவுத்தொகை கொடுக்கிறது, வேலை செய்யும் பெண்களுக்கோ அற்பக் கூலி கொடுக்கிறது என்று பேச்சு வந்தது. அந்தக் கம்பெனித் தீப்பெட்டியை வாங்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டார்கள். பெசன்ட் அதோடு விட்டிருக்கலாம். அவருக்கு அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது, அதனால் ஹெர்பர்ட் பர்ரோஸ் என்ற நண்பரைக் கூட்டிக்கொண்டு நேராகத் தொழிற்சாலை வாசலுக்குப் போனார்.

உங்கள் கேள்வியும் அந்த அளவுக்குச் சின்னதாக, ஒரு அஞ்சலட்டையில் எழுதக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த விடுதியில் எத்தனை பேருக்கு எத்தனை கழிப்பறை? இந்தக் குவாரியிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை லாரி போகிறது, எத்தனைக்குச் சீட்டு போடுகிறார்கள்? இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் பதில் கிடைக்கும். கிடைத்த பதிலை யாரும் லேசில் மறுக்கவும் முடியாது.

வாசலில் நின்று பேசுவது

இதில் கொஞ்ச நேரம் நிற்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான். மைக்கை நீட்டி "ரொம்ப கஷ்டமா இருக்காம்மா?" என்று கேட்பார்கள். அந்த அம்மா "ஆமாங்க" என்பார். அதை வைத்து என்ன செய்வது?

பெசன்ட் கட்டுரையை எடுத்துப் பாருங்கள், முழுக்கக் கணக்கு. கோடையில் காலை 6.30-க்கு வேலை ஆரம்பம், குளிர்காலத்தில் 8 மணிக்கு, மாலை 6-க்கு முடிவு. நாள் முழுக்க நின்றபடி வேலை. தாமதமாக வந்தால் அரை நாள் வெளியே நிறுத்தி விடுவார்கள், 5 பென்ஸ் போச்சு (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). கால் அழுக்காக இருந்தால் அபராதம், காலடியில் தரை குப்பையாக இருந்தால் அபராதம், பேசினால் அபராதம். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி வாரத்துக்கு 4 ஷில்லிங் சம்பாதிக்கிறாள், வீட்டு வருமானத்தில் 2 ஷில்லிங் ஒற்றை அறையின் வாடகைக்கே போய்விடுகிறது. இன்னொருத்தி விரல் வெட்டுப்படாமல் இருக்க முயன்றபோது இயந்திரத்தில் சிக்கல் விழுந்து விட்டது, அதற்கு 1 ஷில்லிங் அபராதம். இயந்திரத்தைப் பார், உன் விரல் எப்படிப் போனாலும் பரவாயில்லை என்று திட்டு வேறு. 4 ஷில்லிங் வாங்கும் பிள்ளைக்கு அது கால் பங்குச் சம்பளம்.

அப்புறம் சிலைக் கதை. முதலாளிகளில் ஒருவருக்குப் பிரதமர் கிளாட்ஸ்டன் மேல் பக்தி, அவருக்குச் சிலை வைக்க ஆசைப்பட்டார், தொழிலாளிப் பெண்கள் ஒவ்வொருவர் சம்பளத்திலிருந்தும் 1 ஷில்லிங் பிடித்துக்கொண்டார். சிலை திறப்பு நாளில் அரை நாள் 'விடுமுறை' விட்டார், அந்த அரை நாளுக்குக் கூலி கிடையாது. எங்களுக்கு விடுமுறையே வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னதையும் பெசன்ட் எழுதியிருக்கிறார். (அந்தச் சிலை இன்னமும் அங்கே நிற்கிறது. அவ்வப்போது யாராவது அதன் கைகளில் சிவப்புப் பெயின்டைப் பூசிவிட்டுப் போகிறார்கள்.)

இதெல்லாம் "கஷ்டமா?" என்று கேட்டால் வருகிற பதில்களா? மணி, காசு, பிடித்தம், யார் சொன்னது, எந்தக் கிழமை என்று கேட்டால்தான் வரும். சம்பளச் சீட்டை ஒரு முறை பார்க்கலாமா என்று கேளுங்கள். போன வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று கேளுங்கள், பொதுவாக என்ன நடக்கும் என்று கேட்காதீர்கள். ஒரே கேள்வியை ஒருவரையொருவர் அறியாத மூன்று பேரிடமாவது கேளுங்கள். நான் நோட்டுப் புத்தகத்தில் பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டு வைத்திருப்பேன்: என் கண்ணால் பார்த்தது, அவர்கள் வாயால் சொன்னது, காகிதத்தில் இருப்பது. ராத்திரி வீட்டுக்கு வந்து பார்த்தால் மூன்றாவது கட்டம் காலியாகத்தான் இருக்கும். அப்புறம் அதை நிரப்பத்தான் பாதி வேலையும்.

காகிதம் தேடுவது

இதற்கு அமெரிக்கப் பத்திரிகையாளர் ஐடா டார்பெல்லை விட நல்ல வாத்தியார் கிடையாது. பென்சில்வேனியா எண்ணெய் வயல்களுக்கு நடுவில் வளர்ந்தவர். 1872-இல் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி முதலாளி ராக்ஃபெல்லர் தரப்புச் சுத்திகரிப்பு ஆலைகளும் ரயில் கம்பெனிகளும் ரகசியமாக ஓர் ஒப்பந்தம் போட்டார்கள்: இவர்களுடைய எண்ணெய்க்குச் சரக்குக் கட்டணத்தில் தள்ளுபடி, அதுகூடப் பரவாயில்லை, போட்டியாளன் தன் எண்ணெயை அனுப்பக் கட்டுகிற கட்டணத்திலிருந்தும் ஒரு பங்கு இவர்கள் பைக்குள். விஷயம் வெளியே வந்து, எண்ணெய் ஊர்களில் கலவரம் போல ஆகி, திட்டம் சில மாதத்தில் படுத்துவிட்டது, ஆனால் அதற்குள் கிளீவ்லாந்து நகரின் ஆலைகளில் பெரும்பாலானவை ராக்ஃபெல்லரிடம் போய்விட்டன. டார்பெல்லின் அப்பாவும் அந்தப் போராட்டத்தில் நின்றவர். அப்போது இவருக்கு 14 வயது.

முப்பது வருடம் கழித்து, மெக்ளூர்ஸ் என்ற மாத இதழுக்காக ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் கதையை எழுத உட்கார்ந்தபோது டார்பெல் நினைவிலிருந்து எழுதவில்லை. அந்தக் கம்பெனி பல வழக்குகளில் மாட்டியிருந்தது, நாடாளுமன்ற, சட்டமன்றக் குழுக்கள் பல முறை விசாரித்திருந்தன, அதன் ஆட்கள் சத்தியம் செய்து சாட்சி சொல்லியிருந்தார்கள். எல்லாம் எங்கெங்கோ அலமாரிகளில் கட்டுக்கட்டாகத் தூங்கிக்கொண்டிருந்தது, யாரும் சேர்த்து வைத்துப் படிக்கவில்லை, அவ்வளவுதான். 1872 ஒப்பந்தம் பற்றிய ஒரு பழைய சிறு வெளியீட்டின் பிரதிகளையெல்லாம் கம்பெனியே வாங்கி அழித்துவிட்டது என்று ஊரே சொன்னது. டார்பெல் ஒரு பிரதியை நியூயார்க் பொது நூலகத்தில் கண்டுபிடித்தார். கிளீவ்லாந்தில் தகவல் திரட்ட ஜான் சிடால் என்ற உதவியாளரை வைத்துக்கொண்டார். 1902 நவம்பரில் தொடங்கிய தொடர் 19 பகுதிகளாக 1904 வரை வந்தது.

இன்று நமக்கு இதைவிட வசதி அதிகம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும் (தருவார்களா என்பது வேறு, தராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள், அந்த மறுப்புக் கடிதம்கூட ஓர் ஆவணம்தான்). கம்பெனிகளின் ஆண்டறிக்கை, நீதிமன்றத் தீர்ப்புகள், தணிக்கை அறிக்கைகள், சட்டமன்ற மானியக் கோரிக்கைக் குறிப்புகள் எல்லாம் இணையத்தில் கிடக்கின்றன. மனுவில் 'முழு விவரமும் தருக' என்று எழுதாதீர்கள், ஒன்றும் வராது. எந்தப் பதிவேடு, எந்த ஆண்டு, எந்தப் பக்கத்தின் நகல் என்று கேளுங்கள். அந்தப் பதிவேடுக்கு அலுவலகத்தில் என்ன பெயர் என்று தெரிய வேண்டுமானால் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு கிளார்க்கைப் பிடியுங்கள், ஒரு காபிக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுப்பார்.

காகிதம் தானாகவும் வரும், நீங்கள் ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்தால். ஸ்டாண்டர்டு ஆயில் ஆலை ஒன்றில் மாதாமாதம் பழைய காகிதங்களை எரிப்பது ஒரு பையனின் வேலை. ஒரு நாள் அதில் தனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஞாயிறு பள்ளி ஆசிரியரின் பெயரைப் பார்த்தான். அந்த ஆசிரியர் சொந்தமாக ஒரு சிறிய எண்ணெய் ஆலை நடத்தியவர், அவர் எங்கே யாருக்கு எவ்வளவு சரக்கு அனுப்புகிறார் என்று ரயில்வே ஆட்கள் மூலம் கம்பெனி வேவு பார்த்து வைத்திருந்த குறிப்புகள் அவை. பையன் காகிதங்களை ஆசிரியரிடம் கொடுக்க, தொடரைப் படித்துக்கொண்டிருந்த அவர் அவற்றை டார்பெல்லிடம் கொடுத்தார்.

எதிர்த் தரப்பின் கதவைத் தட்டுங்கள்

பலருக்கு இது கசக்கும். 'அவங்க பொய்தான சொல்லுவாங்க, எதுக்குக் கேட்கணும்?' சொல்லட்டும். எந்தப் பொய் சொல்கிறார்கள் என்பதே தகவல். டார்பெல் ஸ்டாண்டர்டு ஆயிலின் பெரிய புள்ளிகளில் ஒருவரான ஹென்றி ரோஜர்ஸை சுமார் இரண்டு வருடம் அவர் அலுவலகத்திலேயே போய்ப் பார்த்தார் (அறிமுகம் செய்து வைத்தவர் எழுத்தாளர் மார்க் ட்வைன்). கையில் உள்ள ஆவணத்தைக் காட்டி உங்கள் விளக்கம் என்ன என்று கேட்பார். ரோஜர்ஸ் சொன்னதைக் கேட்டுக்கொள்வார், ஆனால் என்ன எழுதுவது என்பதைத் தானே முடிவு செய்வார். அந்த எரிக்க வேண்டிய காகிதங்கள் அச்சில் வந்த பிறகுதான் ரோஜர்ஸ் கதவை மூடினார்.

கம்பெனியின் நிர்வாகத் திறமையையும் டார்பெல் மனம் விட்டுப் பாராட்டியிருக்கிறார், அதற்கென்று ஓர் அத்தியாயமே உண்டு. திறமையாக நடத்துவதில் எனக்குச் சண்டை இல்லை, ஆட்டத்தில் ஏமாற்றியதுதான் என் புகார் என்ற தொனி. அதனால்தான் அவர் எழுத்துக்கு எடை கூடியது. ஆனால் அவருக்கும் ஒரு பலவீனம் இருந்தது: அப்பா நஷ்டப்பட்டவர், தம்பி போட்டிக் கம்பெனியான ப்யூர் ஆயிலில் பெரிய பதவியில் இருந்தவர். எதிராளிகள் அதைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். உங்களுக்கும் அப்படி ஏதாவது உறவோ பகையோ இருந்தால் கட்டுரையின் முதல் பத்தியிலேயே நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்கள் கண்டுபிடித்துச் சொன்னால் வேறு மாதிரி ஆகிவிடும்.

வேஷம் போடலாமா?

கூடிய மட்டும் வேண்டாம் என்பேன். வேறு வழியே இல்லாத இடங்கள் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். இலங்கை மலையகத் தோட்டங்களுக்குள் வெளியாள் கால் வைக்க முடியாத காலத்தில், தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேஷத்தில் துணி மூட்டையோடு உள்ளே போய்த்தான் தொழிலாளர் நிலைமையைப் பார்த்து எழுதினார். 1887-இல் அமெரிக்கச் செய்தியாளர் நெல்லி பிளை பைத்தியம் போல நடித்து நியூயார்க்கின் பிளாக்வெல்ஸ் தீவு மனநலக் காப்பகத்தில் 10 நாள் இருந்தார். ஆனால் உள்ளே போவதற்கு முன்பே, தன்னை வெளியே எடுப்பது பத்திரிகையின் பொறுப்பு என்று ஆசிரியரிடம் உறுதி வாங்கியிருந்தார், சொன்னபடி வக்கீல் வந்து கூட்டிப்போனார். உங்களுக்கு அப்படி யார் இருக்கிறார்கள் என்று முதலில் யோசியுங்கள்.

லண்டன் பத்திரிகை ஆசிரியர் டபிள்யூ. டி. ஸ்டெட் செய்ததை மட்டும் செய்யாதீர்கள். சிறுமிகள் விற்கப்படுகிறார்கள் என்று நிரூபிக்க 1885-இல் தானே ஆள் வைத்து 5 பவுண்டுக்கு ஒரு சிறுமியை 'வாங்கினார்'. சட்டம் மாறியது, சம்மத வயது 13-லிருந்து 16 ஆனது, உண்மை. ஸ்டெட்டும் 3 மாதம் சிறைக்குப் போனார், அந்தப் பிள்ளை பட்ட பாட்டுக்கு எந்தச் சட்டத் திருத்தமும் ஈடு இல்லை.

எழுத உட்காரும்போது

இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெசன்ட் ஒரு பக்கம் வாரம் 4 ஷில்லிங் என்று வைத்தார், இன்னொரு பக்கம் 23 சதவீத ஈவுத்தொகை, 5 பவுண்டுப் பங்கு சந்தையில் 18 பவுண்டு 7 ஷில்லிங் 6 பென்ஸுக்குப் போன கதை. நான் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்தப் பெண் ஒரே ஒரு பங்கு வாங்க வேண்டுமானால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் 92 வாரச் சம்பளத்தைச் சேர்க்க வேண்டும். இதை எழுதிய பிறகு 'கொடுமை' என்ற சொல் தேவைப்படுகிறதா?

முடிந்தால் எதிர்த் தரப்பின் எண்களையே எடுத்தாளுங்கள். அமெரிக்கத் தெற்கில் கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து கொன்றதைப் பற்றி எழுதிய ஐடா பி. வெல்ஸ் (1892-இல் மெம்ஃபிஸில் இவருடைய பத்திரிகை அலுவலகத்தையே நொறுக்கினார்கள்), வெள்ளையர் நடத்திய சிகாகோ டிரிப்யூன் பத்திரிகை வெளியிட்ட பட்டியலைத்தான் ஆதாரமாகப் போட்டார். மிகைப்படுத்துகிறார் என்று யாரும் லேசில் சொல்லிவிட முடியாது.

ஒவ்வொரு எண்ணையும் அச்சுக்கு முன் விரல் வைத்துச் சரிபாருங்கள். இது நான் அடிபட்டுக் கற்றது. ஒரு நூற்பாலை விடுதி பற்றி எழுதியபோது, பத்தரை மணி நேர வேலையைப் பன்னிரண்டு என்று போட்டுவிட்டேன், ஒரு பெண் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்துச் சொன்னதை நான் கவனிக்கவில்லை. மற்ற பதினைந்து விஷயங்களும் சரி. மறுநாள் ஆலையிலிருந்து வந்த மறுப்பு அந்த ஒன்றை மட்டுமே பிடித்துக்கொண்டது, எங்கள் பத்திரிகை திருத்தம் போட்டது, பதினைந்தும் அதோடு புதைந்தது.

அப்புறம், உங்களுக்கு என்ன மாற்றம் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் 1904-இல் சிகாகோ இறைச்சிக் கூடங்களில் 7 வாரம் இருந்தார், பழைய சட்டையும் கையில் சாப்பாட்டுத் தூக்குமாகத் தொழிலாளி மாதிரியே உள்ளே நடமாடி, பார்த்ததை நாவலாக எழுதினார். அவர் சொல்ல நினைத்தது தொழிலாளியின் துயரம். படித்தவர்களுக்குக் குமட்டியது அழுகிய கறி. ரூஸ்வெல்ட் அனுப்பிய இரண்டு அதிகாரிகள் பெரும்பாலானவற்றை உறுதி செய்தார்கள், 1906 ஜூன் 30-இல் இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் உணவு, மருந்துத் தூய்மைச் சட்டமும் வந்தன. தொழிலாளியின் சம்பளம் பற்றி அவற்றில் ஒரு வரி இல்லை. மக்களின் நெஞ்சைக் குறி வைத்தேன், தவறி வயிற்றில் பட்டுவிட்டது என்று அவரே சொல்லி நொந்துகொண்டார்.

வெளியான பிறகு

உண்மையான வேலை இங்கேதான் ஆரம்பம், ஏனென்றால் அடி முதலில் உங்கள் மேல் விழாது. கட்டுரை வந்ததும் பிரையன்ட் அண்ட் மே நிர்வாகம், பெசன்ட் எழுதியது பொய் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொல்லித் தொழிலாளிகளை நெருக்கியது. அவர்கள் மறுத்தார்கள். ஒரு பெண்ணை வேலையை விட்டு நிறுத்தியதும் ஜூலை 5-ஆம் தேதி வாக்கில் சுமார் 1,400 பேர் வெளியே வந்தார்கள். கவனியுங்கள், பெசன்ட் வேலைநிறுத்தம் செய்யச் சொல்லவில்லை, அவர் கேட்டது அந்தத் தீப்பெட்டியை வாங்காதீர்கள் என்பதுதான். வெளியே வந்தது அந்தப் பெண்களின் சொந்த முடிவு. வந்த பிறகு பெசன்ட் ஒதுங்கவில்லை. நிதி திரட்டினார், எம்.பி.க்களிடம் அழைத்துப் போனார், என் மேல் அவதூறு வழக்குப் போடாமல் ஏன் பிள்ளைகளை மிரட்டுகிறீர்கள் என்று அச்சிலேயே கேட்டார். வழக்கு வரவில்லை. இரண்டு வாரத்துக்குள் அபராதம் ரத்து, தீக்குச்சி மருந்தில் இருந்த நச்சுப் பாஸ்பரஸ் படாமல் சாப்பிடத் தனி அறை, வெளியேற்றியவர்களுக்கு மீண்டும் வேலை.

ஆகவே, உங்களிடம் பேசியவருக்கு வேலை போனால் என்ன செய்வது என்பதை எழுதுவதற்கு முன்பே அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். பெயர் போடலாமா, ஊர் போடலாமா, குரலை மாற்றினால் போதுமா, எல்லாம் அவர் முடிவு. தொழிற்சங்கத்தில் ஓர் ஆளும், ஒரு வக்கீலும் தொலைபேசியில் கிடைக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். அவதூறு நம் நாட்டில் இன்னும் கிரிமினல் குற்றம்தான், வக்கீல் நோட்டீஸ் வந்தால் முகநூலில் வீரம் பேசாதீர்கள், நோட்டுப் புத்தகத்தையும் மூல ஆவணங்களையும் பத்திரப்படுத்துங்கள், நகலை வேறொரு வீட்டில் வையுங்கள்.

விசாரணைக் குழு வரும்போது இடம் பளபளவென்று இருக்கும், அதற்கும் தயாராக இருங்கள். நெல்லி பிளை நீதிமன்றம் அமைத்த ஜூரிகளோடு காப்பகத்துக்குத் திரும்பப் போனபோது எல்லாம் துடைத்துச் சுத்தம் செய்யப்பட்டிருந்தது. அவர் பெயர், நாள், இடம் என்று நுணுக்கமாகச் சொல்லியிருந்ததால் ஜூரிகள் அவரை நம்பினார்கள், மனநலக் காப்பகங்களுக்கான நிதியும் உயர்ந்தது.

கடைசியாக, நாள்காட்டியில் ஆறு மாதம் தள்ளி ஒரு தேதியைக் குறித்துவிட்டு அன்றைக்குத் திரும்பப் போங்கள். அதற்கடுத்த வருடமும் போங்கள். ஸ்டாண்டர்டு ஆயிலை உச்ச நீதிமன்றம் உடைத்து 34 கம்பெனிகளாகப் பிரிக்கச் சொன்னது 1911-இல்தான், தொடர் முடிந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. லண்டன் தீப்பெட்டிக் கம்பெனியில் அபராதம் ஒழிந்த பிறகும் தாடை எலும்பை அரிக்கும் வெள்ளைப் பாஸ்பரஸ் அப்படியே இருந்தது, அதைத் தடை செய்யும் சட்டம் 1908-இல் வந்து 1910-இல்தான் நடைமுறைக்கு வந்தது. நடுவில் 1898-இல், அந்த நோய் வந்தவர்களின் விவரத்தை அரசுக்குச் சொல்லாமல் மறைத்ததற்காகக் கம்பெனி நீதிமன்றத்தில் நின்றது. கால் அழுக்குக்கு அபராதம் போட்ட கம்பெனிக்கு அன்று விழுந்த அபராதம் 25 பவுண்டும் கொஞ்சம் சில்லறையும்.